தட்டில் தங்கிய தோடி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சங்கீதத்தைப் பற்றி மேடையேறிப் பேசுவதற்கு வித்வத்தும் சாஸ்திர ஞானமும் வேண்டும் என்று கருதப்படுகிற ஒரு நாட்டில், பாடவும் வாசிக்கவும் அறியாதவனும், இளமை தொட்டு இசைத்தட்டுகளைக் கேட்டே காலத்தைக் கழித்தவனுமாகிய ஒரு ரசிகனை இவ்வாண்டுச் சொற்பொழிவுக்கு நீங்கள் அழைத்திருக்கிறீர்கள். கேட்பது என்னும் செயலுக்கு நீங்கள் செய்த மரியாதையாக இதனை ஏற்றுக்கொண்டு, என் வாழ்க்கையின் மாறுதல்களினூடே என்னுடன் வந்த சில தட்டுகளைப் பற்றி மட்டும் பேச நினைக்கிறேன்.

நம்முடைய சங்கீதம் அந்தந்த வேளையில் பிறந்து அந்தந்த வேளையிலேயே கரைந்துபோகும் இயல்புடையது. ஒரே வித்வான், ஒரே ராகத்தை, ஒரே சபையில், அடுத்தடுத்த இரண்டு நாட்கள் பாடினாலும் முதல் நாளின் ஆலாபனை மறுநாள் திரும்பி வருவதில்லை. சாரீரத்தின் நிலை, பக்கவாத்தியக்காரர்களின் உற்சாகம், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ரசிகரின் முகக்குறிப்பு ஆகிய யாவும் கூடி அக்கணத்தில் எதை வேண்டுகின்றனவோ அதையே அவருடைய கற்பனை படைத்துத் தருகிறது. மனோதர்மம் என்று நாம் போற்றுவது இதைத்தான். அத்தகைய சங்கீதத்தை ஒரு வட்டத் தகட்டில் நிறுத்தி, முதல் முறை ஒலித்தவாறே ஆயிரமாவது முறையும் ஒலிக்கும்படி செய்வது அதன் சுபாவத்துக்கே விரோதம் என்று பழைய வித்வான்களுள் சிலர் எண்ணியதில் நியாயம் இருந்தது. ஆனாலும் கச்சேரி ரசிகனுக்குக் கிட்டாத ஒரு பேறு தட்டு ரசிகனுக்குக் கிட்டுகிறது. முன்னவன் பல நூறு ஆலாபனைகளை ஒவ்வொரு முறை கேட்கிறான். பின்னவனோ ஒரே ஆலாபனையோடு பால்யத்திலும் யௌவனத்திலும், குடும்ப பாரத்திலும் வியோகத்திலும், நரை திரண்ட பருவத்திலும் கூடி வாழ்கிறான். மாறாத ஒன்றின் முன்னால் மாறிக்கொண்டே இருக்கும் ஒருவன் வந்து வந்து அமர்வதனால் உண்டாகும் ஞானம் தனி வகையானது என்றும், அதுவும் ஒரு சாதகமே என்றும் நான் நம்புகிறேன்.

1902ஆம் ஆண்டில் பிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் கிராமபோன் கம்பெனியின் சார்பில் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாட்டைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வது இன்றும் அத்தட்டுகளில் கேட்கிறது. மூலத்தகடு கடல் கடந்து ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று அங்கே தட்டாக அச்சேற வேண்டியிருந்தமையால், யாருடைய பாட்டு என்பதை அங்குள்ள தொழிலாளர் அறிந்துகொள்ள அவ்வறிவிப்பு உதவிற்று. 1908இல் கல்கத்தாவிலேயே தட்டுத் தொழிற்சாலை ஏற்பட்டது. நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அந்த அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷமும் சற்று மேலும்தான் கொள்ளும். இராத்திரி முழுவதும் ஒரே ராகத்தை விஸ்தரிக்க வல்லவர்கள் அந்தச் சின்னஞ்சிறு கால அளவுக்குள் தங்களை அடக்கிக்கொண்டு, எதைச் சொல்வது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்க நேர்ந்தது. அந்தத் தேர்வின் கூர்மையைப் பிற்கால நெடுந்தட்டுகளில்கூட நான் அதிகம் கண்டதில்லை.

என் தாய்மாமன் கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர். மைக் செட்காரர் என்றால்தான் ஊரில் தெரியும். கல்யாணமானாலும் காதுகுத்தானாலும் அம்மன் கோயில் கொடையானாலும், விடியற்காலையில் தென்னைமரத்தின் மேலேறிக் குழாயைக் கட்டி, கிராமபோன் பெட்டிக்குச் சாவி கொடுத்து, ஊசியை மாற்றி மாற்றித் தட்டுகளைச் சுழலவிடுவது அவர் வேலை. கே. பி. சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் தியாகராஜ பாகவதரும் எங்களூர் வயல்வரப்புகளின் மேல் ஒலித்தது அவர் புண்ணியத்தால்தான். கிட்டப்பா 1933இல், முப்பது வயதுகூட நிரம்பாமல் மறைந்தவர். நான் பிறப்பதற்கு முன்பே மண்ணோடு கலந்துவிட்ட ஒருவருடைய குரல் நாற்று நடும் பெண்களை நிமிர்ந்து பார்க்கச் செய்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கச்சேரி நடக்கும் பெரிய வீடுகளின் திண்ணையில் ஏறி உட்காரும் உரிமை அந்நாளில் எங்கள் குடும்பத்துக்கு இல்லை. வீதியில் நின்று கேட்கலாம், அதுவும் ஒதுங்கி நின்று. ஆகவே உயர்ந்த சங்கீதம் என்று நாங்கள் முழுமையாகக் கேட்கக் கூடியதாக இருந்தது சுவாமி புறப்பாட்டில் வாசிக்கப்படும் நாகஸ்வரம் ஒன்றுதான். வீதியில் பிறந்து வீதியிலேயே பரவுவது அது. அதற்குத் திண்ணை இல்லை. மாமன் தம் இளமையில் ஊர் ஊராக நடந்து சென்று திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பை இராத்திரி இராத்திரியாகக் கேட்டவர். அவருடைய தட்டுகளுக்குள்ளே கொலம்பியா கம்பெனி வெளியிட்ட ராஜரத்தினம் பிள்ளையின் தோடி தனித் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். விசேஷம் முடிந்து, விருந்தினர் கலைந்து, பந்தல் பிரிக்கத் தொடங்கும் வேளையில், குழாயின் கம்பியை அவிழ்ப்பதற்கு முன் தமக்காக ஒருமுறை அதைப் போடுவார்.

அந்தத் தோடியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச அனுமதி வேண்டுகிறேன். நாகஸ்வரத்தில் விரலுக்கு எவ்வளவு வேலையோ மூச்சுக்கும் அவ்வளவு வேலை உண்டு. சீவாளியை உதடு பற்றும் அழுத்தத்தாலும் காற்றின் வேகத்தாலுமே ஸ்வரம் அசைந்து கொடுக்கிறது. தோடியோ அசைவிலேயே உயிர் வைத்திருக்கும் ராகம். அதன் காந்தாரம் நின்ற இடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கவேண்டும், ஆட்டம் சிறிது மிகினும் குறையினும் ராகம் வேறொன்றின் சாயலைக் கொண்டுவிடும். ராஜரத்தினம் பிள்ளை அக்காலத்தில் வழங்கிவந்த குட்டையான திமிரி நாயனத்தை விட்டு, நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்தளித்த நீண்ட பாரி நாயனத்தை எடுத்து வழங்கியவர். சுருதி இறங்கி, சுத்த மத்தியமம் இயல்பாகப் பேசும் அக்கருவியில் தோடி எவ்வாறு வளரும் என்பதை இரு பக்கத் தட்டிலேயே உணரமுடிகிறது. வாய்ப்பாட்டு வித்வான் ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் ஆலாபனை முறையில் அந்நாகஸ்வரத்தின் செல்வாக்கு உண்டு என்று அறிந்தோர் சொல்வது வழக்கம்.

1956ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ராஜரத்தினம் பிள்ளை காலமானார். செய்தி எங்களூருக்கு எட்டிய அன்று மாலை மாமன் வாடகைக்கும் போகாமல், விளக்கும் ஏற்றாமல், வாசலில் பெட்டியை வைத்துத் தோடியின் இரண்டு பக்கங்களையும் போட்டார். தெருவார் வந்து நின்றார்கள். இரண்டாம் பக்கமும் தேய்ந்து ஊசி நடுவட்டத்துக்குள் சென்று கரகரத்தபோது, சிறுவனாகிய நான் எழுந்துகொள்ளப் போனேன். மாமன் என் தோளைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னார்: “முடிஞ்சுதுன்னு எந்திரிக்காதே மாப்ளே. தட்டுதான் முடிஞ்சுது. அவரு இன்னும் வாசிச்சுக்கிட்டுத்தான் இருக்காரு.”

துக்கத்தில் சொன்ன வார்த்தை என்றே அப்போது அதை எடுத்துக்கொண்டேன். நாளாவட்டத்தில்தான் அது ஒரு ரசிகரின் துல்லியமான அநுபவம் என்பது எனக்கு விளங்கியது. நாலு வீதியிலும் விடிய விடிய அந்தத் தோடியைக் கேட்டிருந்த மாமனுக்கு அத்தட்டு ஒரு பெரிய பிரவாகத்திலிருந்து முகந்த நீராக இருந்தது. முகந்ததைக் கண்டவுடனே ஆறு முழுவதும் அவர் முன் ஓடிற்று. எனக்கோ ஆற்றைக் காணும் பாக்கியம் கிட்டவில்லை, முகந்த நீரே கிட்டியது. பன்னிரண்டு வயதில் நான் அத்தட்டில் கேட்டவை பிருகாக்கள்; இவ்வளவு வேகமாக விரல் ஓடுமா என்னும் வியப்புக்கு மேல் என் மனம் செல்லவில்லை. ஊரை விட்டுப் புறப்பட்ட பருவத்தில் நீண்ட கார்வைகள் காதில் விழத் தொடங்கின. மூச்சு வாங்கும் இடங்களும், ஒரு சஞ்சாரத்தைத் தொடங்கி முடிக்காமல் விட்டுத் திரும்பும் இடங்களும் புலப்பட்டதற்கு வெகு காலம் ஆயிற்று. வாழ்க்கையில் சில காரியங்களைத் தொடங்கி விட்டுத் திரும்பியவனுக்குத்தான் அவ்விடங்கள் கேட்கும் போலும். அங்கெல்லாம் அவர் மேலே போயிருக்கலாம், வேறு வழியாகவும் இறங்கியிருக்கலாம் என்னும் உணர்வு எனக்கு வந்த பிறகே, பதிவான தோடிக்குள் பதிவாகாத தோடிகளும் உண்டு என்பதையும், என் மாமன் கேட்டது அவற்றையே என்பதையும் கண்டுகொண்டேன்.

மாமனின் பெட்டியில் வீணை தனம்மாளின் தட்டும் ஒன்று இருந்தது. 1867இல் பிறந்து 1938இல் மறைந்த அந்த மகாவித்வாம்சினியின் வாசிப்பைக் கேட்க வெள்ளிக்கிழமை மாலைகளில் சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டுக்கு வித்வான்களே வந்து அமைதியாக அமர்ந்திருப்பார்கள். சற்று உரக்கப் பேசினாலும் மறைந்துவிடும் அளவுக்கு மெல்லிய நாதம் அது. 1925க்குப் பிறகு மின்சார ஒலிவாங்கி வந்திராவிட்டால், புனல் போன்ற கொம்பின் முன் உரக்கப் பாடிப் பதிவு செய்த அந்தப் பழைய முறையில் அந்த வீணை தட்டில் ஏறியே இராது. வித்வான்களுக்கு நடுவே அந்தக் கூடத்தில் அமர என் தாயாருக்கு எந்த ஜன்மத்திலும் இடம் கிட்டியிராது. ஆனால் சோறு வடித்து இறக்கிய பின், குழாயில் சேர்க்காமல் பெட்டியிலேயே மாமன் அதைப் போட, கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்து தாயார் கேட்டார். கண்ணை மூடிக் கேட்க வேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கலை எல்லோருக்கும் பொது என்று மேடைகளில் பேசப்படும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாத்திய கதவுதான் முன்னே நிற்கிறது. பொது என்று ஆக்கிய பெருமையில் பெரும்பங்கு அந்த அரக்குத் தட்டைச் சேரும் என்று நான் துணிந்து சொல்வேன்.

கல்லூரிப் படிப்பு முடிந்து சென்னையில் உத்தியோகம் கிடைத்து, திருவல்லிக்கேணியில் அறை எடுத்துத் தங்கிய ஆண்டுகளில் என்னிடம் தட்டும் இல்லை, பெட்டியும் இல்லை. வானொலி இருந்தது, அவ்வளவே. விவாகமான பிறகு தவணையில் வாங்கிய ரிக்கார்டு பிளேயரோடுதான் நெடுந்தட்டு எங்கள் வீட்டில் நுழைந்தது. நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றுக்குச் சற்று மேலாகச் சுழன்று, பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்குமேல் ஒலிக்கும் இத்தட்டு 1948இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அது வந்ததும் ஒரு புதிய கலை பிறந்ததாகவே கொள்ளவேண்டும். எந்த உருப்படிக்குப் பின் எது வரவேண்டும் என்னும் கேள்வி கச்சேரியில் அரியக்குடி ராமானுஜ ஐயங்காருடைய பத்ததியால் விடை பெற்றதைப் போலவே தட்டிலும் விடை வேண்டி நின்றது.

ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலட்சுமியின் குரலில் வெளிவந்த சுப்ரபாதமும், விஷ்ணு ஸஹஸ்ரநாமமும் பஜ கோவிந்தமும் அடங்கிய தட்டும் எங்கள் இல்லத்தில் இருந்தன. தமிழ்நாட்டில் எத்தனையோ இல்லங்களில் இருந்தன. பஜ கோவிந்தத்துக்கு முன்னே ராஜாஜி ஆங்கிலத்தில் ஒரு சிறு முன்னுரை வழங்குகிறார். நீண்ட பொதுவாழ்வின் எல்லா ஏற்றத்தாழ்வுகளையும் கண்டு முடித்த ஒரு முதியவரின் குரல், அலங்காரம் ஏதும் இன்றி, ஞானமும் பக்தியும் வேறல்ல என்று நிதானமாகச் சொல்லி ஓய்ந்த பிறகு சுருதி எழுகிறது. இளந்தம்பதிகளாகிய நாங்கள் அந்த முன்னுரையைத் தாண்டி ஊசியை வைத்துவிடுவோம். மாமன் இறந்து, கிராமத்தில் காரியங்கள் முடிந்து, அவருடைய தகரப்பெட்டியைத் தட்டுகளோடு சுமந்து சென்னைக்குத் திரும்பிய அன்றுதான் அக்குரலுக்கு முன் முழுவதும் அமர்ந்திருந்தேன். அதற்குப் பின் தாண்டியதில்லை.

ஆயினும் என் மனைவிக்கு உகந்த தட்டு பாலாஜி பஞ்சரத்ன மாலை. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் முயற்சியில், ஐந்து தட்டுகளாக அது வெளிவந்தபோது எம். எஸ். அறுபது வயதைக் கடந்தவர். அன்னமாசாரியரின் கீர்த்தனங்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலையில் நெடுங்காலம் கிடந்து வெளிப்பட்டவை. ஸாஹித்யம் கிடைத்ததேயன்றி மெட்டுக் கிடைக்கவில்லை. நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்ற வித்வான்கள் மெட்டமைக்க, உலகெங்கும் பாடிப் புகழின் எல்லையைக் கண்டுவிட்ட அந்த அம்மையார், மாணவியைப் போல் உட்கார்ந்து புதிதாகப் பாடம் செய்து பாடினார். இச்செய்தி என் மனைவியின் மனத்தை மிகவும் கவர்ந்தது. “இந்த வயசுல அவங்க கத்துக்கலாம்னா நான் கத்துக்கக் கூடாதா?” என்று கேட்டு, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, தட்டைப் போட்டு உடன் பாடத் தொடங்கினார். தெலுங்கைத் தமிழெழுத்தில் எழுதிவைத்த நோட்டுப்புத்தகம் அடுக்களை அலமாரியில் இருக்கும். ஒரு கீர்த்தனத்தின் சரணத்தில் எம். எஸ். ஒரே மூச்சில் கடக்கும் இடத்தில் இவருக்கு மூச்சுப் போதாது. நடுவே நிறுத்தி, ஒரு சொல்லை இரண்டாக ஒடித்து, தட்டைத் துரத்திப் பிடித்துச் சேர்ந்துகொள்வார். எத்தனை ஆண்டு பாடியும் அந்த இடத்தில் அந்த மூச்சு வந்தது.

ஒலிநாடாவின் காலம் வந்தது. மதுரை மணி ஐயர் 1968இலேயே மறைந்துவிட்டார் எனினும், ரசிகர்கள் கச்சேரிகளில் பிடித்து வைத்த நாடாக்கள் கைமாறிக் கைமாறி அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தன. ஸர்வலகு நடையில் ஸ்வரங்கள் வரிசை வரிசையாக வரும்போது சபையார் மெய்ம்மறந்து ஆரவாரம் செய்வதும், யாரோ இருமுவதும், எங்கோ ஒரு குழந்தை அழுவதும்கூட அவற்றில் பதிந்திருந்தன. அவ்வோசைகளை நீக்கிச் சுத்தம் செய்து வெளியிடவேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதற்கு உடன்படமாட்டேன். அந்தச் சபை இல்லாமல் அந்த ஸ்வரம் இல்லை.

1986இல் இளையராஜா வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இட்’ என்னும் இசைத்தொகுப்பை என் மகன் நாடாவாக வாங்கி வந்தான். தியாகராஜ ஸ்வாமிகளுக்கும் ஜெர்மானிய இசைமேதை யோஹன் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது அது, வி. எஸ். நரசிம்மனின் வயலின் அதில் முதன்மையாக ஒலிக்கிறது. இரண்டாண்டு கழித்து ஹரிபிரசாத் சௌரஸியாவின் புல்லாங்குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’ வந்தது; அதுவும் நன்றே, ஆயினும் என் மனம் முன்னதிலேயே தங்கியது. பாக்கைத் தம் வீட்டில் சந்தித்ததாகத் தலைப்பிட்ட ஓர் உருப்படியில், அந்த மேதை தனி வயலினுக்கென எழுதிய ஒரு பகுதி ஒலிக்க, அதன் மேல் இளையராஜா தம்முடைய வயலின் கூட்டத்தின் குரல்களை இழைத்திருக்கிறார். 1720இல் பாக் தம் கையாலேயே படியெடுத்து முடித்துவைத்த எழுத்து அது. ஒரு ஸ்வரமும் மாறுவதற்கில்லை. மாறாத அதனோடு, பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஒருவர், அதைச் சிதைக்காமலும் அதற்கு அடங்கிப் போகாமலும் சம்பாஷிக்கிறார்.

“அவர் எழுதினதுல எதையும் மாத்தலப்பா, பக்கத்துல உக்காந்து பேசுறார், அவ்வளவுதான்” என்று மகன் விளக்கினான். அடுக்களையிலிருந்து வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, “நானும் அதைத்தானே செய்யறேன்” என்றார். நான் இத்தனை நாழிகையாக உங்கள் முன் சொல்ல முயல்வதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். தட்டு மனோதர்மத்துக்குப் பகை என்று கருதியவர்கள் பாடுபவருடைய மனோதர்மத்தை மட்டுமே எண்ணிப் பார்த்தார்கள். கேட்பவனுக்கும் ஒரு மனோதர்மம் உண்டு. அவனும் தன் பருவத்துக்கும் துயரத்துக்கும் ஏற்றவாறு, அசையாத அந்த வட்டத்தின் பக்கத்தில் அமர்ந்து, அன்றன்று புதியதொரு பதிலைச் சொல்லுகிறான்.

மகன் வெளிநாடு சென்றான். பிறகு என் மனைவியும் நோயுற்று மறைந்தார். பஞ்சரத்ன மாலையை வெகு நாள் நான் எடுக்கவில்லை. எடுத்துப் போட்ட நாளில் அந்தச் சரணம் வந்தது, எம். எஸ். வழக்கம்போல் ஒரே மூச்சில் கடந்தார். ஆனால் எனக்கு அந்த இடத்தில் ஒடிந்த சொல்லும் இழுத்த மூச்சும் பிசகாமல் கேட்டன. எந்த ஒலிவாங்கியும் பிடித்து வைக்காத என் மனைவியின் குரல், வேறொருவர் பாடிய அத்தட்டிலே நிலைபெற்றுவிட்டது. அது என் மனப்பிரமை என்று சொல்பவர் இருக்கலாம். ராஜரத்தினம் பிள்ளை இன்னும் வாசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்ன என் மாமனுக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

இனிச் சொல்லவேண்டியது ஒரு காரியத்தைப் பற்றியது. மாமன் வைத்துச் சென்றவையும் நான் சேர்த்தவையுமாகிய தட்டுகளையும் நாடாக்களையும் இந்நிறுவனத்தின் நூலகத்துக்கு ஒப்படைக்க இசைந்திருக்கிறேன். அரக்குத் தட்டுகளைப் படுக்க அடுக்காமல் நிறுத்தி வைக்கவேண்டும். நெடுந்தட்டின் ஊசியை அவற்றின்மேல் வைக்கலாகாது, அகன்ற பள்ளத்துக்கேற்ற ஊசி வேறு. எல்லாவற்றையும் கணினியில் பிரதி செய்வதில் எனக்கு மிகவும் சம்மதமே. அது விரைந்து நடக்கவேண்டும், ஏனெனில் நாடாக்கள் காத்திருக்கமாட்டா. ஆனால் பிரதி செய்த பிறகு மூலங்களைப் பூட்டி வைப்பதற்கு நான் சம்மதிக்கவில்லை. அவை ஒரு கூடத்தில் நாள்தோறும் ஒலிக்கவேண்டும். அந்தக் கூடம் ஆராய்ச்சியாளருக்கு மட்டும் உரியதாக இருக்கக்கூடாது. விடுதிச் சமையற்கட்டில் வேலை செய்வோரும், வளாகத்தைப் பெருக்குவோரும், இரவுக் காவலரும், வாயிலுக்கு வெளியே வண்டிக்கடை வைத்திருப்போரும் பணி முடித்து வரக்கூடிய நேரம் மாலை ஏழு மணிக்கு மேல்தான் என்று விசாரித்து அறிந்தேன். ஆகவே ஏழு முதல் ஒன்பது வரை திறந்திருக்கவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. நாற்காலிகளுக்கு ஆகும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். வருகிறவர் எவராயினும் உள்ளே வந்து, நாற்காலியில் அமர்ந்து கேட்கவேண்டும். திறப்பு நாளன்று எந்தத் தட்டை முதலில் போடுவது என்று நூலகத்தார் என்னைக் கேட்டார்கள். அதை வந்து அமர்ந்திருப்பவர்களைக் கேட்டுத் தீர்மானிக்குமாறு சொல்லியிருக்கிறேன்.